இருபத்தேழாம் இழுப்பறை

முதலில் ஓர் அலமாரிதான் இருந்தது என்கிறது பதிவேடு.
விலங்கியல் துறையின் மாடிப்படிக்குக் கீழே,
மிதிவண்டிகளுக்கும் துடைப்பத்துக்கும் நடுவே
பூட்டில்லாத ஒரு தேக்கு அலமாரி.

எண் ஒன்று புலியில்லை.
வருகிற பள்ளிப் பிள்ளைகள் புலியென்றே நினைக்கிறார்கள்,
நானும் திருத்துவதில்லை.
எண் ஒன்று ஒரு மைனா.
விரிவுரைக் கூடத்துக் கண்ணாடியில் மோதிச் செத்தது.
வயிற்றில் பஞ்சு, கண்ணிலும் பஞ்சு,
காலில் கட்டிய சீட்டில்
மை கசிந்த ஒரு செவ்வாய்க்கிழமை.

பிறகு காராக் நெடுஞ்சாலையில் லாரி அடித்த தாப்பிர்.
ஆறு பேர் தூக்கிவந்து விடிய விடிய உரித்தார்கள்.
ஒரு வாரம் அந்தத் தாழ்வாரத்தில்
யாருக்கும் சோறு இறங்கவில்லை என்பார் சவரிமுத்து,
சொல்லிக்கொண்டே தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்.
பிறகு, ஊருக்குக் கப்பலேறிய தோட்ட மேனேஜர்
விட்டுப்போன பட்டாம்பூச்சிப் பெட்டிகள்.
கிள்ளான் மீன்கடைக்காரர் விற்க மனமில்லாமல்
ஐஸோடு கொண்டுவந்த, பெயர் தெரியாத திருக்கை.

ஓர் அறை இரண்டானது.
நூலகம் காலி செய்த கூடமும் சேர்ந்தது.
ஒரு கோலாலம்பூர் மழையில் கூரை ஒழுகி
ஜாடிகளின் சீட்டுகள் தரையில் மிதந்தன.
நாற்பது மீன்கள் ஒரே இரவில் பெயரிழந்தன.
ஊரும் தேதியும் இல்லாத உடல்
நமக்கு ஆகாது என்றார் டாக்டர் லிம் சியூ ஹூன்.
சாதாரணமாகத்தான் சொன்னார்,
மூக்குக்கண்ணாடியை மட்டும் மூன்று முறை துடைத்தார்.

நான் சேர்ந்தது அதற்குப் பிறகு.
உதவியாளர், கிரேட் பத்தொன்பது.
நடைமுறையில்: அந்துருண்டை, ஈரமானி, எறும்பு.
தீபாவளிக்குக் கட்டும் சேலையிலும்
ஃபார்மலின் வாசம் என்று நாத்தனார் முகம் சுளிப்பாள்.

இருபத்தேழாம் இழுப்பறையில் நத்தைகள்.
குறுணை அரிசியளவு. நூற்றுப் பத்து.
மாத்திரைக் குப்பியொன்றில் அத்தனையும் அடக்கம்.
லென்ஸில் வைத்தால் ஒவ்வொன்றும்
யாரோ ஊதிவிட்டு மறந்த எக்காளம்.
இடம்: ஈப்போவுக்குத் தெற்கே ஒரு சுண்ணாம்புக் குன்று.
ஆண்டு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று.
அந்தக் குன்றைவிட்டு வேறெங்கும் போகத் தெரியாதவை.
நத்தைக்கு அடுத்த குன்று வேறு நாடு.

குன்று இப்போது இல்லை.
படத்தில் பார்த்தேன், சதுரமாக ஒரு குழி,
பச்சைத் தண்ணீர், கரையில் ஒரு சப்பாத்து.

எங்களுக்குப் புதுக் கட்டடம் எழுந்தது.
மூன்று மாடி. அமைச்சர் வரும் நாள் நான்கு முறை மாறியது.
சிமெண்ட் இறங்கிய மதியம்
மூட்டையில் அச்சிட்ட ஊரைப் படித்துவிட்டு
குத்தகைக்காரரைக் கேட்டேன், இது எந்த மலை?
சிமெண்டுக்கு ஏது மலை என்று
மலாயில் சிரித்தார், கணக்கெழுதப் போனார்.

சரியாகப் பார்த்தால் ஆண்டுகள் ஒத்துப்போகவில்லை.
அந்தக் குன்று முன்னமே கரைந்துவிட்டது,
ஏதோ பாலத்தில், ஏதோ கழிவாய்க்காலில்,
எண்பதுகளில் கட்டிய அடுக்குமாடிகளில்.
என் வீடும் எண்பதுகளில் கட்டியதுதான்.

அன்றிரவு குளியலறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன்.
குளிர்ச்சி. கொஞ்சம் ஈரம்.
மூலையில், நான் தேய்த்துத் தேய்த்தும் போகாத பாசி.
நத்தைக்குப் பிடித்திருக்கும்.
என்ன தேடுகிறாய் என்றார் வீட்டுக்காரர்.
ஒழுகுதா என்று பார்க்கிறேன் என்றேன்.

இடமாற்றப் படிவத்தில் ஒரு கட்டம்:
தற்போதைய இருப்பிடம்.
இரண்டாம் மாடி, இழுப்பறை இருபத்தேழு என்று நிரப்பினேன்.
பேனா அடுத்த கட்டத்துக்குப் போகக்
கொஞ்சம் நேரமெடுத்தது.

திங்கட்கிழமை மைனாவை மேலே கொண்டுபோக வேண்டும்.
இரு கையாலும் ஏந்தி,
சீட்டுக் கட்டிய அந்தக் காலைத் தொடாமல்.